இரண்டாம் எண்

பெட்டி மாட்டிய அன்று மதகடியில் ஐந்து பேர் இருந்தோம். வீரையனாகிய நான், என் சித்தப்பா மகன் மதிவாணன், பட்டுக்கோட்டையிலிருந்து கருவிகளோடு வந்த பரிதி என்ற பெண், எங்கள் வாய்க்கால் வேலைகளைப் பார்த்த குழந்தைராஜ், எல்லோருக்கும் டீ கொண்டுவந்த அவன் மனைவி அக்னஸ். டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். நன்றாக இருந்தது.

நாற்காலியைக் காட்டினீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தூக்கம் பிடித்து நாளாகிறது, உடம்பு ஓய்ந்து வருகிறது. இருந்தாலும் நின்றே சொல்கிறேன்.

எங்கள் வாய்க்காலில் மேல் மதகு மதிவாணன் வயலுக்குப் பாய்வது. கீழ் மதகு எங்களுடையது. இரண்டிலும் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார் ஒவ்வொன்று வைத்தாள் பரிதி. இரண்டின் வயரும் ஒரே கம்பியாகச் சேர்ந்து சின்ன இடைப்பெட்டிக்கு வரும். அதிலிருந்து அளவுகளைப் பதியும் பெட்டிக்குப் போகும். மேலே தண்ணீர் திடீரென்று ஏறினால் சங்கு ஊதும். நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

பெட்டி ஒவ்வொரு சென்சாரையும் எண் சொல்லிக் கூப்பிடுமாம். அந்தப் பெண் தண்ணீர் வரும் திசையிலிருந்து எண்ணினாள். மேல் மதகுத் தூணில் ஒன்று என்று பெயிண்டில் எழுதினாள். எங்கள் தூணில் இரண்டு.

நாங்கள் மூத்த வகையறா. என் தாத்தா பண்ணையாளாக இருந்து நிலம் வாங்கியவர். ஊர்க்கோயிலில் முதல் பரிவட்டம் எங்களுக்குத்தான் கட்டுவார்கள், மதிவாணன் வீட்டுக்கு அடுத்ததுதான். இதற்காகவே எத்தனையோ திருவிழா நின்றுபோயிருக்கிறது.

"இப்ப மெஷினே சொல்லிடுச்சு அண்ணே, யாரு ஒன்னு, யாரு ரெண்டுன்னு" என்றான் மதிவாணன்.

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைராஜும் சிரித்தான். அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

எண்களை மாற்றிப் போடும்படி பரிதியிடம் மரியாதையாகக் கேட்டேன். ஆபீசில் எல்லாம் பதிந்தாகிவிட்டது என்றாள். அப்படியானால் இரண்டு மதகுக்கும் ஒன்று என்றே வைத்துவிடு என்றேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னாள்.

"ஒரே பேரு ரெண்டு பேருக்கு வெச்சா, கூப்பிட்டதும் ரெண்டு பேரும் சேந்து பேசுவாங்க தாத்தா. பெட்டிக்கு எதுவுமே வெளங்காது. சங்கும் ஊதாது."

அவள் ஊருக்குப் போன பிறகு மதகில் இறங்கினேன். சென்சார் தலையில் மூடியைத் திறந்தால் எண் வைப்பதற்கான சின்னச் சின்ன சுவிட்சுகள். அவள் எதை எப்படித் தள்ளினாள் என்று பார்த்துவைத்திருந்தேன். மதிவாணனுடையது எப்படி இருந்ததோ அப்படியே என்னுடையதையும் தள்ளினேன். தூணில் இருந்த இரண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். அவனுடையதை நான் தொடவில்லை. அடுத்தவன் மதகில் கை வைக்கிற குடும்பம் இல்லை எங்களுடையது.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஊரார் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்வந்தார்கள்.

ஐப்பசி மழையில் கீழ் மதகுக்கு அடுத்த குழாய்ப் பாலத்தை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. சம்பா நடவு முழுகிவிடும். உள்ளே புகுந்துதான் அறுத்து எடுக்க வேண்டும். குழந்தைராஜ் அரிவாளோடு வந்தான். மேலே எந்த நேரமும் தண்ணீர் திறப்பார்கள் என்று பேச்சு இருந்தது. முன்பெல்லாம் இப்படி இறங்கினால் மேல் மதகில் ஓர் ஆளை நிறுத்துவோம், தண்ணீர் வந்தால் குரல் கொடுக்க. பெட்டி வந்த பிறகு அந்த வழக்கம் விட்டுப்போயிற்று.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைக் கேட்டான்.

"சங்கு ஊதுமுல்லங்க ஐயா?"

மதிவாணன் என் பக்கத்தில் நின்றான். நான் வாய் திறந்தால் சுவிட்சைத் தள்ளி எண்ணை மாற்றியதையும் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். என் பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்.

"ஊதும். எறங்குப்பா" என்றேன்.

தண்ணீர் சத்தமில்லாமல்தான் வந்தது. அவனை வாய்க்காலில் இன்னும் கீழே இருந்த மதகின் கம்பியிலிருந்து எடுத்தார்கள்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாதாகோயில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்தேன். மதிவாணன் எனக்குப் பின்னால்தான் வந்தான். அக்னஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சங்கு ஏங்கய்யா ஊதல?"

"மெஷினை நம்பக் கூடாதும்மா" என்றேன். அதில் ஒன்றும் பொய் இல்லை.

இப்போது பரிதியின் வேலை போய்விடும் என்கிறார்கள். அதற்காக நான் வரவில்லை. ஊரில் வேறொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. விவரம் தெரியாத கிழவன், என்னவோ ஏதோ என்று சுவிட்சைத் தட்டிவிட்டான், பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்கிறார்கள். அப்படியே எழுதிக்கொடுத்துவிடுங்கள் அப்பா, வீட்டுக்குப் போய்விடலாம் என்று என் மகன் அறிவுச்செல்வனும் கெஞ்சுகிறான்.

அந்தப் பேச்சு தவறு. எங்கள் வம்சத்தில் விவரம் தெரியாதவன் எவனும் இல்லை. அந்தப் பெண் சொன்னது எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது.