விடியக்காலைத் தைசோ

— நில்லுங்க, நில்லுங்க! மறுபடியும் குனியப் போறீங்களா? மூச்சு இரைக்கிறது சமையக்கட்டு வரைக்கும் கேக்குது.

— இச்சி... நீ... சான்... தள்ளி நில்லு கமலா, கை பட்டுடும்.

— ஜப்பான் பாஷையில எண்ணிக்கிட்டுத் தைசோன்னு ஒரு கசரத்து! ஆபீஸ் திடல்ல ஜப்பான்காரன் முன்னால ஆடுறது பத்தாதுன்னு கொல்லையில வேற ஒத்திகையா? காஜா பேராங் தெருக் கோழியெல்லாம் மிரளுது.

— இந்தத் தெருவுல கோழி ஏது? எல்லாத்தையும்தான் அவனுங்க தின்னுட்டானுங்களே.

— சிரிக்காதீங்க. காலை இப்படிக் காட்டுங்க. கட்டைவிரலால அமுக்குறேன்... பாத்தீங்களா, குழி அப்படியே நிக்குது. நேத்து கணுக்கால்ல இருந்துச்சு, இன்னிக்கு முழங்காலுக்கு ஏறிடுச்சு.

— வீக்கம்தானே. மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்னா வேற என்ன வரும்? தவிட்டுக் கஞ்சி குடிச்சா வத்திடும்.

— அந்தத் தவிட்டுக்கு நான் கம்போங் செட்டிக்குப் போய், தமிழ் தெரியாத அன்னம்மா அக்காகிட்ட அரைகுறை மலாயில கெஞ்சி வாங்கிட்டு வர்றேன். நீங்க குடிச்ச தெம்பையெல்லாம் குதிச்சே தீர்த்துடுறீங்க. நெஞ்சு எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லுங்க.

— நல்லாத்தான் இருக்கு.

— கையை எடுங்க, நானே பாக்கிறேன். ஐயோ, பிடிச்சு வச்ச குருவியாட்டம் அடிச்சுக்குதே!

— குதிச்சா யாருக்கும் அடிக்கத்தான் செய்யும். மெதுவாப் பேசு, உன் தம்பி முழிச்சிக்குவான்.

— ராசுவா? குண்டு விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான். தூங்காதது நீங்கதான். கூரையையே பாத்துக்கிட்டுக் கிடக்கிறீங்க, விடிஞ்சா இந்தக் கூத்து. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு நடக்கச் சொன்னாலே முனகுற மனுசனுக்கு இது என்ன திடீர்னு?

— வேலையில இருந்தா தைசோ பண்ணித்தான் ஆகணும். வரிசையில தடுமாறினா கன்னத்துல விழும். இன்னிக்கு டாக்டர் வேற வர்றாரு. ஓடச் சொல்வாரு, உக்காந்து எந்திரிக்கச் சொல்வாரு. அதுல நான் தேறணும்.

— தேறலைன்னா என்ன? வேலையை விட்டு அனுப்புவானா? அனுப்பட்டுமே. அவன் அளக்கிற கைப்பிடி அரிசி போனாப் போகட்டும், கிழங்கைத் தின்னுக்கலாம். நீங்க இருக்கணும்ங்க எனக்கு.

— உனக்குப் புரியாது. இன்னிக்கு ஒரு நாள் என்னை விடு.

— இன்னிக்கு நீங்க போக வேண்டியதே இல்ல.

— என்ன சொல்ற?

— கத்தாதீங்க. நேத்து சாயங்காலம் பொன்னுதுரை அண்ணனைப் போய்ப் பாத்தேன்.

— தெருத் தலைவரையா? அவரை எதுக்குப் பாத்த?

— வேற யாரைப் பாக்குறது? ஜப்பான்காரன்கிட்ட அவர் சொன்னாத்தானே எடுபடும்? கால் வீக்கம், நெஞ்சு படபடப்பு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். நல்ல மனுசன். ‘டாக்டர்கிட்ட உன் வீட்டுக்காரர் கருணாகரன் வர வேண்டாம்மா, நான் பேசிக்கிறேன்’னுட்டாரு. ஏங்க... ஏன் உக்காந்துட்டீங்க? வலிக்குதா?

— கமலா, அவர் தைசோ பாக்க வர்ற டாக்டர் இல்ல. சயாமுக்கு ஆள் எடுக்க வர்றாரு.

— அந்த ரயில் பாதைக்கா? போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வரலையேங்க!

— நம்ம தெருவுல வீட்டுக்கு ஒரு ஆம்பளை கேட்டிருக்கான். நானே வர்றேன்னு பொன்னுதுரைகிட்ட சொல்லி வச்சிருந்தேன். கால் வீங்கினவனைக் கழிச்சு விட்டுடுவானேன்னுதான் உடம்பைத் தேத்திக்கிட்டு இருந்தேன்.

— அட பாவி மனுசா! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? மாரியாத்தாதான் என்னை அங்க போக வச்சிருக்கா. தப்பிச்சீங்க!

— நான் தப்பிச்சேன். நம்ம வீடு தப்பிக்கலையே. பொன்னுதுரை வேற ஏதாச்சும் கேட்டாரா?

— வேற என்ன... ராசுவைத்தான் விசாரிச்சாரு. வயசு என்ன, உடம்பு எப்படின்னு.

— நீ என்ன சொன்ன?

— பதினெட்டு முடிஞ்சுதுண்ணே, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல, இந்தத் தெருவுலயே அவனாட்டம் திடமான பிள்ளை கிடையாதுன்னு... நான் வளத்தவன் இல்லையா, பெருமையாச் சொல்லிட்டு வந்தேங்க.