நூலகத்தில் கட்டில் போடக் கூடாது

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல தேநீரை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆல்டர்வெல் மாளிகைக்கு இருபத்திரண்டு வருடம் பொறுப்பாளராக இருந்தேன். அந்த வீடு போடாத வேஷம் இல்லை. நரி வேட்டைக்கு வந்த பிரபுக்கள் அங்கே கும்மாளம் அடித்தார்கள். முதல் உலகப் போரில் அது காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆயிற்று. இரண்டாம் போரில் லண்டனிலிருந்து ஒரு பெண்கள் பள்ளிக்கூடமே பெட்டி படுக்கையோடு வந்திறங்கி, நடன மண்டபத்தில் பந்து விளையாடியது. பிறகு கூரை ஒழுக ஆரம்பித்ததும் குடும்பத்தார் வீட்டை ஓர் அறக்கட்டளையிடம் தள்ளிவிட்டார்கள். இப்போது டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே வரலாம். குதிரை லாயத்தில் கேக் கிடைக்கும்.

நூலகத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அதன் விதானம் முழுக்கச் சுண்ணச் சாந்தில் திராட்சைக் கொடிகள், இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வேலை. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அண்ணாந்து பார்ப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் வருத்தமும் இல்லை.

அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர் மிஸ் லெட்டி. வயது எண்பத்து நான்கு. சாகும்வரை பின்கட்டு மாடியில் இருக்கலாம் என்று ஒப்பந்தம். அதை அவர் நிதானமாக அனுபவித்துக்கொண்டிருந்தார். அவரை எனக்குப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் அக்டோபரில் தீ ஒத்திகை நடக்கும். தீப்பிடித்தால் எந்தப் பொருளை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும் என்று நாற்பது பொருட்களின் பட்டியல் வைத்திருந்தேன். மிஸ் லெட்டி புல்வெளியில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்.

"ஏன் பென்ஃபோல்ட், உன் பட்டியல்ல நான் எத்தனாவது? அந்த முக்காலிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தீயணைப்பு அதிகாரி, மனிதர்களுக்குப் பட்டியல் கிடையாது, அவர்கள்தான் முதலில் என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இந்த வசந்தத்தில் அவருக்கு முழங்கால் வலி வந்தது. மாடி ஏற முடியவில்லை என்றார். அறக்கட்டளைக் குழு கூடி, நூலகத்தை அவருக்குப் படுக்கையறையாகக் கொடுத்துவிட்டது. சேதியை அவரே வந்து சொன்னார்.

"கவலப்படாத பென்ஃபோல்ட். ஒரு கட்டில், ஒரு டோஸ்டர், நாய், அவ்வளவுதான். என் வீட்டுல நான் படுக்கறதுக்கு உன்கிட்ட அனுமதி வாங்கணுமா என்ன?"

ரொம்ப நல்லது என்றேன். இன்று கட்டில், நாளை அடுப்பு. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். ரொட்டித் துகளுக்கு எலி வரும், எலி புத்தகத்தைத் தின்னும். யாராவது யோசிக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை பார்வையாளர்கள் கிடையாது. அவர் இன்னும் நூலகத்துக்கு மாறவில்லை; மதியம் பின்கட்டு மாடியில் தன் அறையில், சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். ஜன்னல் திரையை டோஸ்டர்மேல் இழுத்துவிட்டு அதன் விசையை அழுத்தினேன். நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது என்ன பாவம் செய்தது? பின்கட்டுக்கு ஒரே வழியான மாடி நடையின் தீத்தடுப்புக் கதவைப் பூட்டினேன். பின்கட்டு பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்தது, போனால் போகட்டும். புகை நன்றாக வந்த பிறகு மணியடித்தேன். மிஸ் லெட்டி ஊருக்குள் போயிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னேன். நாற்பது பொருளும் பத்தொன்பது நிமிடத்தில் புல்வெளிக்கு வந்துவிட்டன. ஒத்திகையில் ஒருநாளும் அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை.

நடுவில் ஒருமுறை மேலே போய்க் கதவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தார். "டோரிஸ்" என்று கூப்பிட்டார். என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தீ எரியும்போது அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி.

கெடுத்தது அந்த நாய்தான். புல்வெளியில் நின்று அவர் ஜன்னலைப் பார்த்து ஓயாமல் குரைத்தது. தீயணைப்பு வீரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவை உடைத்து, நடையில் நின்றபடி மூன்று மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள். அவர் உடலைத்தான் எடுக்க முடிந்தது. அந்த நடை நூலகத்துக்கு நேர் மேலே இருக்கிறது. தண்ணீர் இறங்கி, திராட்சைக் கொடிகள் மொத்தமும் இடிந்து புத்தகங்கள்மேல் விழுந்துவிட்டன.

தீ வைத்தது நான், பூட்டியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு கிழவிக்காக அவ்வளவு தண்ணீரைக் கொட்ட எப்படித்தான் அவர்களுக்கு மனசு வந்ததோ, அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.