ஹோஸ்டிங்காரரின் உடலைக் கேட்டு வாடிக்கையாளர் சொன்னது

மேலே பெயரும் கதவு எண்ணும் எழுதப்பட்டுள்ள நான், வயது 56, திருமணமாகாதவள், தொழில் தையல் மிஷின் பழுது பார்ப்பது, இன்று திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளில் தனியாகக் குடியிருக்கிறேன். முன்னறை பட்டறை, பின்னறையில் கட்டிலும் அடுப்பும். கடந்த வியாழக்கிழமை பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்தின் 14ஆம் எண் அறையில் இறந்து கிடந்தவர் என் வெப்சைட்டுக்கு ஹோஸ்டிங் கொடுத்து, அதாவது அதைத் தன் கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டி வந்தவர். நான்கு நாட்களாக அவர் உடலைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. நாளைக்குள் யாரும் வராவிட்டால் அனாதைப் பிணம் என்று எழுதி அடக்கம் செய்துவிடுவார்கள் என்று தெரிந்து, உடலை என்னிடம் ஒப்படைக்கும்படி மனு கொடுத்துள்ளேன். அவருக்கும் எனக்கும் என்ன உறவு என்பது முதலில் பதிவாக வேண்டும் என்று அதிகாரி சொன்னதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, பழைய தையல் மிஷின்களின் பாகங்களைப் படம் எடுத்து, எது எந்த மிஷினுக்குப் பொருந்தும் என்று எழுதி ஒரு சின்ன வெப்சைட் போட்டேன். என் அக்கா மகள்தான் இலவச ஹோஸ்டிங் ஒன்றில் ஏற்றிக் கொடுத்தாள். அடிநூல் போடும் பாபின் கேஸ் படத்தின் மேல் முடி வளரும் எண்ணெய் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெப்சைட்டே காணாமல் போனது. முந்நூற்று நாற்பது படங்கள். ஓசியில் வாங்கிய பொருளுக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதன் பிறகு, விலையும் கட்டுப்படியாக வேண்டும், அடிக்கடி படுத்துக்கொள்ளவும் கூடாது என்று மூன்று கம்பெனிகளைப் பார்த்து வைத்தேன். ஒன்றில் முதல் வருடம் சல்லிசு, இரண்டாம் வருடத்திலிருந்து மூன்று மடங்கு என்று பொடி எழுத்தில் இருந்தது. இன்னொன்றில் எல்லாமே அளவில்லாதது என்று போட்டிருந்தார்கள். அளவில்லாமல் கொடுக்கும் வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. மற்ற விவரங்கள் எனக்குப் பிடிபடாததால், உதிரிபாகக் கடைக்காரர்களைச் சோதிக்கும் என் வழக்கப்படியே சோதித்தேன். அதாவது வாங்குவதற்கு முன்பே, வேண்டுமென்றே இடைஞ்சலான நேரங்களில் மூன்று முறை போன் செய்வது. முதல் கம்பெனியில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மிஷின் பேசியது. இரண்டாவதில் புகாரை எழுதி அனுப்பச் சொன்னார்கள். மூன்றாவதில், மதியம் ஒன்றே காலுக்கு, இரண்டாவது மணியிலேயே ஒருவர் எடுத்து, வாயில் சோற்றோடு, "சாப்பிட்டுட்டு இருக்கேம்மா, பரவால்ல சொல்லுங்க" என்றார். வருடத்தில் எத்தனை மணி நேரம் வெப்சைட் நின்றுபோகும் என்று கேட்டேன். "போன வருஷம் பதினோரு மணி நேரம் நின்னுச்சும்மா. அதுல ஒம்போது மணி நேரம் என் தப்பு" என்றார். அன்றே அவரிடம் சேர்ந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போன் செய்து, "பேக்கப் எடுத்தாச்சும்மா" என்று சொல்வார். முதலில் அவ்வளவுதான் பேச்சு. போகப் போக அரை மணி நேரம் ஆனது. என்னை மிஷினம்மா என்று கூப்பிடுவார். நான் கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வைத்திருப்பேன். ஒரு மாதம் கேட்க ஒன்றும் இல்லாமல் போனதால், இரண்டாவது வாரமே நானே ஒரு படத்தை அழித்துவிட்டு, படத்தைக் காணோம் என்று போன் செய்தேன். அழித்தது யார் என்று அவருடைய கம்ப்யூட்டரில் தெரியும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அவரை நேரில் பார்த்ததும் இல்லை.

சென்ற மாதம் அக்கா மகள், பெரிய கம்பெனியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, நான் ஏமாந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னாள். அந்த மாத முதல் திங்களன்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மாத்திக்கோங்கம்மா. எல்லாத்தையும் நானே எடுத்துக் குடுத்துடறேன்" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்திருந்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "நல்ல எடத்துக்குப் போறீங்க. நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். கம்பெனியையும் மாற்றவில்லை, அவருக்குப் போனும் செய்யவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு, வெப்சைட் ஒழுங்காக இயங்குகிறது என்று அவரிடமிருந்து ஒரு மெயில் வரும். அதை அனுப்புவது கம்ப்யூட்டர்தான் என்பது எனக்குத் தெரியும். மிஷினோடு முப்பது வருடம் மாரடித்தவளுக்கு அது தெரியாதா. இருந்தும் மெயில் வந்த ஒவ்வொரு நாளும், ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், வீம்புக்குப் பேசாமல் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன். இந்த மாதம் முதல் திங்களன்று பத்து மணிக்குப் போன் வரவில்லை. கையில் வேலை ஓடவில்லை. அவருக்கே இவ்வளவு வீம்பு என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும் என்று நானும் அழைக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று பில்லில் இருந்த விலாசத்துக்குப் போனேன். பத்துப் பேராவது உட்கார்ந்து வேலை செய்யும் ஆபீஸ் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். டயர் கடைக்கு மேல், இரண்டாவது மாடிக் கோடியில், பீரோ அகலத்துக்கு ஒரு கதவு இருந்தது. தட்டினேன், திறக்கவில்லை. பக்கத்து அறையில் பல் செட் செய்பவர் வெளியே வந்து, "ஏ.சி. ஓடிட்டே இருந்துச்சு, உள்ளதான் இருக்காருன்னு நெனச்சேன்" என்றார். அதன் பிறகு வாட்ச்மேன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, காவலர் முன்னிலையில் கதவை உடைத்தார்கள். உள்ளே குளிராக இருந்தது. கம்ப்யூட்டர்களில் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுருட்டிய பாய் ஒன்று, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, சார்ஜில் கிடந்த பட்டன் போன் ஒன்று. அவர் நாற்காலியில் இருந்தார். நான் நினைத்திருந்ததை விட வயது குறைவு.

மாரடைப்பு என்றும், இறந்து ஒன்பது முதல் பதினொரு நாள் ஆகியிருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதாவது ஞாயிறாக இருக்கலாம், திங்களாக இருக்கலாம், செவ்வாயாகவும் இருக்கலாம். இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார். திங்கள் பத்து மணிக்கு அவர் உயிரோடு இருந்தாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இரண்டு முறை கேட்டேன். தெரியாது என்றுதான் சொன்னார்.

அதன் பிறகு, மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்வதற்காக அவருடைய நோட்டை என் முன்னிலையில் அதிகாரி பிரித்துப் பார்த்தார். நாற்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. நாற்பத்தொன்றின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'மாறிவிட்டார்' என்று தேதியோடு எழுதியிருந்தார். கடைசித் தேதி போய் இரண்டு வருடம் ஆகிறது. கோடு போடாத பெயர் என்னுடையது மட்டும். இரண்டு வருடமாக அந்த அறையும், ஏ.சி.யும், அவரும் என் ஒருத்தியின் பாபின் கேஸ் படங்களுக்காக ஓடியிருக்கிறார்கள். நான் பாதி விலை பேசியது அவரிடம்தான்.

கடைசியாக, என்னைப் பிடிக்க முடியாவிட்டால் அழைப்பதற்கு இன்னொரு எண் வேண்டும் என்று அதிகாரி கேட்டார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான். யோசிக்காமல் அதைச் சொல்லிவிட்டேன். காவலர் சரிபார்ப்பதற்காக அந்த எண்ணை அழைத்தார். கைப்பற்றிய பொருட்கள் வைக்கும் பீரோவுக்குள், முத்திரையிட்ட உறையில், அவருடைய பட்டன் போன் அடித்தது. தானாக நிற்கும் வரை காவலர் துண்டிக்கவில்லை. அதன் பிறகு அதிகாரி, உறவுமுறை என்ற கட்டத்தில் எழுதியிருந்த 'வாடிக்கையாளர்' என்பதை அடித்துவிட்டு, "வேற என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டார். அதைக் காலியாகவே விடச் சொன்னேன். உடலை ஒப்படைக்கத் தடையில்லை என்று மனுவின் கீழே எழுதிக் கொடுத்தார். நாளை காலை எட்டு மணிக்கே உடலை வாங்க வந்துவிடுவேன்.

இதில் உள்ளவை நான் வாயால் சொன்னபடியே எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டவை. கூட்டியும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. உறவுமுறைக் கட்டம் காலியாக உள்ள நிலையில், அதை அறிந்தே, கீழே கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)