கிராணி வீட்டு வெள்ளை அரிசி

தவிட்டைக் கஞ்சியில் போடுவதற்கு முன் வெறும் சட்டியில் லேசாக வறுத்துக்கொள்ள வேண்டும் ஐயா. இல்லாவிட்டால் வாடை அடிக்கும், பிள்ளைகள் துப்பிவிடும். ஜப்பான்காரன் இருந்த மூன்றரை வருடமும் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் செய்த வைத்தியத்தில் பாதி அந்தச் சட்டியில்தான் நடந்தது.

நீங்கள் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி வீரமுத்துவைத் தேடி வந்திருக்கிறீர்கள். ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த பட்டியலை எழுதியவர் அவர், விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மரணப் பதிவில் 'பெரிபெரி' என்று என் கையெழுத்தில் இருக்கும். அதில் பொய் இல்லை. அந்த நோய் அவருக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லியோனார்ட். சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஏழு மைல் உள்ளே இருக்கும் இந்தத் தோட்டத்தில் பதினோரு வருடமாக டிரசர், டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவன். வெள்ளைக்கார டாக்டர் துரை ஊரைவிட்டுப் போன பிறகு வைத்தியம் முழுவதும் என் தலையில் விழுந்தது. கப்பல் அரிசி நின்றது. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள். சில மாதங்களில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒவ்வொருவராகப் படுத்தார்கள். எனக்கு அந்த நோய் தெரியும், பெரிபெரி. நெல்லின் தோலுக்கடியில் இருக்கும் வைட்டமின் உடம்பில் குறைந்தால் நரம்பு செத்துவிடும், இதயம் ஊதிவிடும். ரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் விளைந்த மலைநெல்லைக் குத்தி, தவிட்டைச் சேர்த்து, கஞ்சியாகவும் கஷாயமாகவும் கொடுத்தேன். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். நாற்பது பேராவது பிழைத்திருப்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் உண்மை.

வீரமுத்து என் நண்பர். மதம் வேறு, சாதி வேறு, ஆனால் எட்டு வருடம் மதியச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டோம். என் தம்பி மைக்கலுக்குப் ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை போட்டுக் கொடுத்தவரே அவர்தான். நாற்பத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம் சயாமுக்கு முப்பது ஆள் கேட்டார்கள். பட்டியலில் மைக்கல் பெயர் இருந்தது.

"மேலேருந்து வந்த லிஸ்ட்டு டிரசர். என் கையில ஒண்ணுமில்ல" என்றார். லாரி புறப்படும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அடுத்த தைப்பொங்கலன்று அவருடைய மச்சான் வேலு என் வீட்டுக்கு வந்தான். கொஞ்சம் சம்சு குடித்திருந்தான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"உங்க தம்பிதான் எனக்குச் சாமி, டிரசரய்யா. லிஸ்ட்டுல மொதல்ல என் பேருதான் இருந்திச்சு. அக்கா அழுதாங்க. அத்தான் அத அடிச்சிட்டு மைக்கல் பேர எழுதினாரு. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. தோட்டத்தில் இருநூறு ஆண்கள் இருந்தார்கள். அவர் மைக்கலை எடுத்தார். அழுது கேட்க அவனுக்குப் பெண்டாட்டி இல்லை, அண்ணன்காரனோ எதைச் சொன்னாலும் நம்புகிறவன். பட்டியலைக்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். லாரிக்குப் பக்கத்தில் நின்று அழுதாரே, அதுதான் எனக்கு உள்ளே இறங்கவில்லை.

நான் சண்டை போடவில்லை. அந்த மாதமே சிம்பாங் ரெங்கத்தில் ஒரு சீனக் கடைக்காரர் மலேரியாவில் கிடந்தார். குவினைன் கொடுத்துக் காப்பாற்றினேன். அவர் ஒளித்து வைத்திருந்த சயாம் அரிசியில் இரண்டு மூட்டை கொடுத்தார். நன்றாகத் தீட்டிய அரிசி, துளித் தவிடும் இல்லாமல் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. இரண்டையும் வீரமுத்து வீட்டில் இறக்கினேன். தோட்டமே கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது அவர் வீட்டில் மட்டும் சோறு பொங்கியது. அவர் மனைவி சந்திரமதிக்கு அப்போது ஆறு மாதம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சில யோசனைகளும் சொன்னேன். அரிசியை நாலு தடவை கழுவுங்கள், வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுங்கள், கர்ப்பிணிக்குப் பச்சைப்பயறு வாயு. டிரசர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

"மத்தவங்களுக்கெல்லாம் தவிட்டுக் கஞ்சி குடுக்கிறீங்களே அண்ணே, எங்களுக்கு வேணாமா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"அது கெழங்கு திங்கிறவங்களுக்கும்மா. நீங்க அரிசிச் சோறு சாப்பிடறீங்க, ஒங்களுக்கு எதுக்கு?"

நியாயமான பதில்தான் இல்லையா? அவளும் சிரித்தாள். ஏப்ரலில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை.

மே மாதம் வீரமுத்துவுக்குப் பாதம் மரத்தது. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியவில்லை. பிறகு வயிறுவரை வீக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்து நல்ல கட்டிலாகக் கொடுத்தேன். தினமும் நாடி பார்த்தேன். கலர்த் தண்ணீர் கொடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் அய்யாவு என்ற ரப்பர்ப் பால் வெட்டுக்காரர், அதே நோய். அவருக்குத் தவிட்டுக் கஷாயம். அய்யாவு மெல்ல எழுந்து உட்கார, இவர் மெல்லச் சரிந்தார்.

வீரமுத்து முட்டாள் இல்லை. ஒரு சாயங்காலம் அய்யாவுக்குக் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதுல எனக்குக் கொஞ்சம் குடுங்க டிரசர்."

"ஒங்களுக்கு வேற மருந்து கிராணியாரே."

முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "வேலு சொல்லிட்டானா?" என்றார்.

நான் அய்யாவுக்கு அடுத்த கரண்டியை ஊட்டினேன். அவர் கெஞ்சவில்லை. மூச்சை இழுத்து இழுத்து ஒன்று மட்டும் சொன்னார். "சந்திரமதியும் அந்தச் சோறுதானே சாப்பிடுது. அவளுக்கும் பிள்ளைக்குமாவது குடுத்துடுங்க. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி" என்றேன். இரண்டு நாளில் போய்விட்டார். பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன்.

ஜூலையில் சந்திரமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று மாதக் குழந்தை. வாயைத் திறந்து அழுதது, சத்தம் வரவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. தாய்க்குச் சத்துக் குறைந்தால் பால் வழியாகப் பிள்ளைக்கு அதே நோய்தான் வரும், குரல்தான் முதலில் போகும். அந்தத் தவிட்டுக் கஷாயத்தை நாலு சொட்டு வாயில் விட்டால் சாயங்காலத்துக்குள் குரல் திரும்பிவிடும். அதற்கு முந்தைய மாதம் கடைசி லயத்தில் அங்கம்மாவின் பிள்ளைக்கு அப்படித்தான் திரும்பியது. போத்தல் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

"சளி கட்டியிருக்கு" என்றேன். சீனித் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் குழந்தை இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு சந்திரமதியை ஆஸ்பத்திரியில் வைத்து, என் கையாலேயே தவிட்டுக் கஞ்சி ஊட்டினேன். அவளுக்கும் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. ஆறு வாரத்தில் குணமானாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இன்றைக்கும் வாரத்துக்கு ஒருமுறை கீரை பறித்து அனுப்புகிறாள்.

நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை ஐயா. கத்தி எடுக்கவில்லை. பசித்த வீட்டுக்கு அரிசி கொடுத்தேன். வீரமுத்து என் தம்பியை எடுத்தார், நான் அவருடையதை எடுத்தேன். எப்படி எடை போட்டாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் மைக்கல் திரும்பி வந்தான். எலும்பும் தோலுமாக, காலில் பெரிய புண்ணோடு, ஆனால் உயிரோடு. பெயரை மாற்றி எழுதியது யார் என்று அவனுக்குச் சயாமிலேயே தெரிந்திருக்கிறது. "விடுங்க அண்ணே, மச்சானக் காப்பாத்தப் பாத்தாரு" என்றான். பிறகு வீரமுத்து வீட்டுக்குப் போனான். குழந்தை செத்த கதையைச் சந்திரமதி சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அந்தப் பிள்ளைக்குக் குடுக்க ஒங்ககிட்ட ஒண்ணுமே இல்லியா அண்ணே?" என்றான்.

"இல்லப்பா" என்றேன்.

என் தம்பியிடம் அதுவரை நான் பொய் சொன்னதே கிடையாது. இதில் நான் செய்த தவறு அது ஒன்றுதான் ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.