அழட்டும், வெளியே தூக்கிப் போகாதீர்கள்

பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, உழைப்பை உலகுக்கே உடையாக்கிய உறவுகளே! முன்வரிசை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மழலை மணக்கும் மடி கொண்ட தாய்மார்களே! வருடமெல்லாம் கூலி கேட்டுக் குரல் கொடுக்கும் என்னிடமே இன்று மைக்கைக் கொடுத்திருக்கும் தலைவர், எங்கள் முதலாளி ஆறுச்சாமி அவர்களே! தொழிற்சங்கத்துச் சகாயராஜின் வணக்கம். பயப்படாதீர்கள் ஐயா, இன்று போனஸ் பேச்சு இல்லை.

இன்று நம் டைலர்கள் ராஜபாண்டி, நாகஜோதி தம்பதியின் மகள் கிருத்திகாவுக்கு முதல் பிறந்தநாள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்தவள். மூச்சுவிடத் தெரியாத நுரையீரலுக்கு இயந்திரம் காற்று தந்தது. தந்த காற்றே நுரையீரலில் தழும்பும் தந்தது. இயந்திரத்தின் குற்றமா? இல்லை. மருத்துவரின் குற்றமா? இல்லவே இல்லை! அந்தக் காற்று இல்லையேல் இந்தக் கண்மணி இல்லை. ஆனால் தொண்டையில் குழாய். அழுவாள், முகம் சிவக்கும், சத்தம் மட்டும் வராது. மருத்துவமனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற தாய்க்கு மகளின் குரலே தெரியாது.

ஆக்சிஜன் சிலிண்டரோடு வீடு வந்தாள். நாம் சும்மா இருப்போமா? ஷிப்ட் முடிந்த கையோடு, தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டியபடி படையெடுத்தோம். செல்லாத்தாள் அக்கா வீடு நிறையச் சாம்பிராணி போட்டார். பாசத்துக்குக் குறைவில்லை, பிள்ளைக்குத்தான் உதடு நீலமானது. மறுபடியும் மருத்துவமனை. தூசியும் புகையும் அண்டினால் இந்த நுரையீரல் தாங்காது என்று டாக்டர் ஜெயசுதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிள்ளை திரும்பி வந்த நாள்முதல் வாசலை மறித்து நின்றாள் நாகஜோதி. நிட்டிங் மெஷின் பக்கத்திலிருந்து நேராக, ஆப்பிள் பையோடு போனார் நம் முதலாளி.

"ஏனம்மிணி, நானுமா?"

"கோவிச்சுக்கிறாதீக ஐயா. குளிச்சிட்டு வாங்க."

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவரே தட்டுகிறார்! போனவர் குளித்து, வேட்டி மாற்றி, ஈரத்தலையோடு வந்து நின்றார். மறுமாதமே கம்பெனியில் குளியலறை எழுந்தது. எத்தனையோ கூட்டத்தில் நான் தொண்டை கிழியக் கேட்டு வராத குளியலறை! எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இன்று சிலிண்டர் மருத்துவமனைக்கே திரும்பிவிட்டது. இந்த மண்டபத்தில் பட்டாசு இல்லை, புகை இல்லை. அதோ, பிள்ளை அழுகிறாள். யாரப்பா அங்கே வெளியே தூக்கிப் போகச் சொல்வது? நாகஜோதி, உட்கார் தாயே. அழட்டும்! குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த குரல், கூரை அதிர அழட்டும்! வந்தவர் அனைவருக்கும் நன்றி சொல்லி, மைக்கைக் கிருத்திகாவிடமே கொண்டுபோகிறேன். இனி யாரும் கைதட்டாதீர்கள், கேளுங்கள். வணக்கம்.