தாடியால் கிடைத்த பிரபு வேஷம்

எனக்குக் கோவையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் செராங்கூன் ரோட்டிலிருந்து பிடோக் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு புருஷன், பெண்டாட்டி. அவளுக்கு ஏழு மாதம் இருக்கும். திடீரென்று கேட்டாள்:

“என்னங்க, சனிக்கிழமை உங்க தலையை எத்தனை மணிக்கு வெட்டுறாங்க?”

சமூக மன்ற நாடகமாம். டியூடர் ராஜா காலத்து இங்கிலாந்துப் பிரபு வேஷம் அவருக்கு.

“முதல் சீன்ல ராஜா எனக்கு முப்பது ஊர் நிலம் குடுப்பாரு. கடைசில கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பிடுங்கி, தலையையும் எடுத்துடுவாரு.”

“நிலத்தை எடுக்கட்டும். தலையைத் தொடக்கூடாது லா. நான் மாசமா இருக்கேன்னு முடிகூட வெட்டாம இருக்கீங்க, தலையை வெட்டிக்கலாமா?”

“இந்தத் தாடியைப் பாத்துத்தான்மா வேஷமே குடுத்தாங்க! மாட்டேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

“ஃபோன் போட்டுக் கேளுங்க.”

போட்டார். குழைந்து குழைந்து பேசினார். வைத்துவிட்டுச் சிரித்தார்.

“டைரக்டர் ஒத்துக்கிட்டாரு. சனிக்கிழமை ஜெயில்ல மட்டும் போடுறாங்களாம். பிள்ளை பிறந்தப்புறம் இன்னொரு ஷோ இருக்கு, அதுல வெட்டிக்குவாங்களாம்.”

“அதுக்கென்ன, தாராளமா வெட்டட்டும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு முன் வரிசையில வந்து உக்காந்துக்குறேன்.”

நிஜ ராஜாக்கள் இப்படிப் பொறுத்தார்களா என்று சரித்திரம் படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.