ஆறாம் பாகம்

புத்தகக் கடைக்காரன் வாங்க வருபவரின் கையைத்தான் பார்க்க வேண்டும். படக்கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் கை வாங்காது. அட்டையைத் தடவும் கை வாங்கும். வல்வெட்டித்துறைச் சந்தியில் பதினெட்டு வருடம் கடை நடத்தி நான் கற்றது இவ்வளவுதான். மரண விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். சொல்லாமல் வைத்திருப்பதும் அலுத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியப் புத்தகங்கள் வருவது நின்றுபோனது. அதற்குமுன் கடைசியாக வந்த புத்தகக் கட்டில் ‘நீலக்கவசன்’ ஆறு பாகமும் இருந்தன. வானத்தில் பறந்து வந்து, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுகிறவன் அவன். கதை முடிந்துவிட்டால் வாசகன் இரண்டு மாதத்துக்குக் கடைப்பக்கம் வரமாட்டான். ஆகவே மாதம் ஒரு பாகமாக வெளியே எடுத்தேன். ஐந்தாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டேன். இறக்குமதித் தடை என்றதும் எல்லோரும் நம்பினார்கள்.

இராசமலருக்கு இருபத்திரண்டு வயது. சிறுவயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் விளங்காமல் போனவள். வள்ளம் ஓட்டும் அவளுடைய அண்ணன் அருளம்பலம்தான் வந்து வாங்குவான். ஒவ்வொரு பாகத்தையும் படித்துவிட்டு, அடுத்ததில் என்ன நடக்கும் என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதி அவனிடம் கொடுத்து விடுவாள். பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். எனக்கு வேறு யாரும் எதுவும் எழுதுவதில்லை. ஐந்து துண்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆறாவதைக் கொடுத்துவிட்டால் அவளுக்கு எழுத ஒன்றும் இருக்காது.

கார்த்திகையில் அருளம்பலம் வந்தான்.

“அண்ணை, ஆறாவது வந்திட்டுதோ? தங்கச்சி ஒழுங்காச் சாப்பிடுறாளில்லை.”

“இல்லைத் தம்பி. இனி அங்காலை போனால்தான் எடுக்கலாம்.”

புத்தகம் என் முழங்காலுக்கு நேரே மேசை லாச்சிக்குள் இருந்தது.

“அப்ப நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

அங்காலை என்றால் கடலுக்கு அப்பால், கோடியக்கரை. வாடைக்காற்று கடுமையாக அடித்த கிழமை அது. அவர்கள் கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள். காற்றைப் பற்றி உரும்பிராய்த் தோட்டக்காரனின் மகன் நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

நாலாம் நாள் அவனுடைய உடல் தொண்டைமானாற்றில் ஒதுங்கியது. போகும்போது நடந்ததா, திரும்பும்போது நடந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஆறாம் பாகத்தைக் கடல்நீரில் நனைத்து, கடைக்குப் பின்னால் இரண்டு நாள் காயவைத்தேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று கொண்டுபோய், கரையில் ஒதுங்கிக் கிடந்ததாகச் சொல்லி அவள் கையில் கொடுத்தேன். ஒட்டிப்போயிருந்த பக்கங்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“என்ரை அண்ணை வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்,” என்றாள்.

நெடுநேரம் அழுதாள். ஆனால் அன்று சாப்பிட்டாள் என்று தாய் பிறகு சொன்னாள். ஆறுதல் கொடுப்பது குற்றமென்றால் நான் குற்றவாளிதான்.

மாசியில் அவளுடைய தம்பி தியாகலிங்கம் ஒரு துண்டோடு வந்தான். இப்போது வள்ளம் ஓட்டுவது அவன்தான். வேறு தொடர்கதை ஏதும் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தாள். எழுத்து முன்போலவே அழகாக இருந்தது. அதே புத்தகக் கட்டில் இன்னொரு தொடரும் வந்திருந்தது, ஏழு பாகம். முதலாவதைக் கொடுத்தனுப்பினேன்.

ஏழாவதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.